கட்டைவிரல்

வாசலில் பித்தளைப் பலகை.
மூன்று பங்குதாரர்களின் பெயர் அதில்.
ஒருவர் செத்து நான்கு வருடமாகிறது.
என் பெயரைத் தாளில் அச்சடித்து
மூன்றாம் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.
ஒரு மூலை பிரிந்துவிட்டது.
யாராவது உள்ளே வரும்போதெல்லாம்
டாக்டர் எலினெட் ப்ரீஸ் படபடக்கிறாள்.

வாரத்துக்கு ஆறு செஷன்.
கூரை ஒழுகினால் என் கவலையில்லை.
செவ்வாய் மதியம் பங்குதாரர் கூட்டம்,
கதவைச் சாத்திக்கொள்வார்கள்,
மிஞ்சிய சாண்ட்விச் எனக்கு வரும்.
இருபத்தெட்டாம் தேதி
பிழைத்தவர்களுக்கும் போனவர்களுக்கும் சேர்த்து
ஒரே தொகை.

ரத்தம் ஏற்றும் வேன் இரண்டு நாற்பதுக்குக் கிளம்பிவிடும்.
ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில்
எந்த நோயானாலும்
காலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

மார்ச்சில் யாரும் வரமாட்டார்கள்.
ஆடு ஈனும் காலம்.
நெஞ்சுவலியைத் தள்ளிப்போடுவார்கள்,
கட்டியைத் தள்ளிப்போடுவார்கள்,
ஒருத்தி தன் பிரசவத்தையே தள்ளிப்போடப் பார்த்தாள்.
ஏப்ரல் கடைசியில் எல்லோரும் ஒன்றாய் வருவார்கள்,
சேற்று பூட்சைத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு
காலுறையோடு.

அப்படித்தான் மெய்ரிக் வந்தார்,
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.
கோப்பில் கடைசி வரி ஒரு டெட்டனஸ் ஊசி.
வலது கட்டைவிரலில் கொப்புளம்,
நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெளுப்பு.
குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கிற கைக்கு வருவது.
கால்நடை டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லையாம்.
அவர் சொன்னது சரிதான் என்றேன்.
தானாக ஆறும், ஆறு வாரம், மூடி வையுங்கள்.
பத்து நிமிடத்தில் ஐந்து மிச்சம்.
பிந்திக்கொண்டிருந்த எனக்கு அது லாட்டரி.

எழுந்தார். தொப்பியை எடுத்தார்.
விரலைப் பற்றி ஆங்கிலத்தில் பேசியவர்
கதவுப் பிடியில் கைவைத்தபடி
கதவிடம் வெல்ஷில் சொன்னார்:
துப்பாக்கிப் பெட்டிச் சாவியைத்
தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.
எங்காவது எழுதிவைக்கணுமோ என்னவோ.

இதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் எனக்கு.
ஒன்பது கேள்வியில் ஒரு படிவம் இருக்கிறது.
வாயில் வந்ததோ
உட்காருங்கள், அவ்வளவுதான்.

முதலில் ஆடுகளைப் பற்றிச் சொன்னார்.
பிறகு வங்கி.
பிறகு ஹெய்ல்வென் படுத்த பக்கத்தில்
இப்போது நாய் படுப்பது.
பிறகு எதைப் பற்றியும் இல்லை.
ரேடியேட்டர் மட்டும் முணுமுணுத்தது.
கேட்க வேண்டியவற்றை
கேட்க வேண்டிய சொற்களிலேயே கேட்டேன்.
தரையைப் பார்த்துப் பதில் சொன்னார்,
எல்லாவற்றுக்கும், உண்மையாக.

நாற்பத்தேழு நிமிடம்.
வெளியே ஆறு பேர்.
யாருடைய வண்டி நிற்கிறதென்று ஜன்னலில் தெரியும்.
ஒருவரும் கதவைத் தட்டவில்லை.
காதுவலிக்காரர்
நாளைக்கு வலித்தால் வருகிறேன் என்று
டெக்வெனிடம் சொல்லிப் போயிருந்தார்.

கணினியில் எல்லாவற்றுக்கும் ஒரு குறியீடு உண்டு,
முதலை கடித்ததற்குக்கூட.
சாவியைத் தம்பியிடம் கொடுத்ததற்கு இல்லை.
கீழே இருந்த வெற்றிடத்தில்
அவர் சொன்னதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதினேன்.
வந்து கேட்டது அதைத்தானே.

செவ்வாய்க் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
சராசரி பதினாறு நிமிடம், எலினெட்.
அதே மூச்சில், பங்குக்கு வருகிறாயா என்றும் கேட்டார்கள்.
யோசிக்கிறேன் என்றேன்.
தலைக்கு மேல் கூரையில்
வெல்ஸைப் போலவே ஒரு ஈரக்கறை.

வியாழன்தோறும் வந்தார் மெய்ரிக்.
கடைசி நேரம், ஐந்து ஐம்பது.
விரல், என்று டெக்வென் பதிந்துகொள்வாள்.
ஒரு வாரம் தூக்கம் வந்திருந்தது.
ஒரு வாரம் வரவில்லை.
ஒரு வாரம் தம்பியும் கூட வந்து
கார் நிறுத்தத்தில் முதுகு காட்டி நின்றான்.

ஜூன் நடுவில்
தழும்புகூட இல்லாத கட்டைவிரலை
மேசைமேல் நீட்டினார்.
விளக்கைப் போட்டேன்.
இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி,
நகக்கண்வரை பார்த்துவிட்டு,

அடுத்த வியாழனும் பார்த்துவிடுவோம் என்றேன்.